ஐம்பத்திரண்டரைத் தோலா: ஒரு வரம்பின் எடைக்கணக்கு

ரமலான் பிறை தென்பட்ட மறுநாளே வட இந்தியப் பள்ளிவாசல்களின் அறிவிப்புப் பலகைகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இரண்டு எண்கள் உலவத் தொடங்கிவிடும். தங்கம் 87.48 கிராம், வெள்ளி 612.36 கிராம். கடனும் அன்றாடத் தேவையும் போக இந்த வரம்பை எட்டும் செல்வம் ஒருவரிடம் ஒரு சந்திர ஆண்டைக் கடந்து நிற்குமானால், அதில் நாற்பதில் ஒரு பங்கை ஜகாத்தாகக் கொடுப்பது அவர் கடமை. வரம்புக்கு நிஸாப் என்று பெயர். ஜகாத்துக்கெனத் தனியே ஒரு மாதம் விதிக்கப்படவில்லை. செல்வம் வரம்பைத் தொட்ட நாளிலிருந்து அவரவர் ஆண்டு தொடங்குகிறது. ஆயினும் நோன்பு மாதத்தில் செய்யும் அறத்துக்கு நற்கூலி பன்மடங்கு என்ற நம்பிக்கையால், பெரும்பாலோர் ரமலானையே கணக்கு முடிக்கும் மாதமாக வைத்துக்கொண்டனர்.

இப்பதிவின் பொருள் அந்த எண்களின் தசமங்கள். நபிமொழித் தொகுப்புகளில் கிராம் கிடையாது; தோலாவும் கிடையாது. அங்கே காணப்படுவன ஐந்து ஊக்கியா வெள்ளி, அதாவது 200 திர்ஹம். இருபது தீனார் தங்கம். ஏழாம் நூற்றாண்டு மதீனாவின் 200 திர்ஹம் எந்த வழியாக 612.36 ஆயிற்று? அந்த வழி பெரும்பாலும் இந்தியாவுக்குள்தான் ஓடுகிறது. அதன் திருப்பங்களில் சில, ஒரு மனிதர் கொடுப்பவரா பெறுபவரா என்பதையே மாற்றக்கூடியவை. மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. எடைகளின் வரலாற்றையும் அவற்றின் பெயர்களையும் பின்தொடர்வது மட்டுமே இங்கு நான் செய்வது.

முதலில் பெயர்கள். மொழியியல் படித்தவனுக்கு இவற்றைத் தாண்டிச் செல்வது எளிதன்று. திர்ஹம் கிரேக்கத்தின் திராக்மாவிலிருந்து வந்தது. தீனார் இலத்தீனத்தின் தெனாரியசிலிருந்து. சிற்றெடையான கீராத், கரோப் விதையைக் குறித்த கிரேக்கச் சொல்லின் அரபு வடிவம். ஆங்கிலத்தின் கேரட்டும் அதே வேரினது. தீனாரின் எடைப்பெயரான மிஸ்கால் மட்டும் 'கனம்' என்னும் பொருளுள்ள அரபு வேரிலிருந்து பிறந்தது. இந்தியப் பக்கம் வந்தால் தோலா 'துலா' என்னும் சொல்லோடு உறவுடையது. மாஷா என்பது வடமொழியில் உளுந்து. ரத்தி என்பது நம் குன்றிமணி. சோழர் கல்வெட்டுகளின் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்ற வரிசையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. பொன்னை நிறுத்த இரு நாகரிகங்களும் விதைகளையே நம்பின. 8 ரத்தி 1 மாஷா. 12 மாஷா 1 தோலா.

ஹனஃபி சட்ட நூல்கள் மிஸ்காலை 100 வாற்கோதுமை மணிகளின் எடை என்றும், திர்ஹத்தை 70 மணிகளின் எடை என்றும் வரையறுத்தன. பிற சட்டப் பள்ளிகளில் மிஸ்கால் 72 மணி. திர்ஹம் 50 மணியும் ஐந்தில் இரு பங்கும். இரண்டிலும் பத்துத் திர்ஹம் ஏழு மிஸ்காலுக்குச் சமம் என்ற விகிதம் ஒன்றே. ஆகவே வெள்ளி நிஸாபின் எடை தங்க நிஸாபைப் போல் எப்போதும் ஏழு மடங்கு. இந்த ஏழை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் அதைச் சார்ந்தே நிற்கிறது.

அரபுலகில் மணிக்கணக்கு போதுமானதாக இருந்திருக்கலாம். தில்லியிலும் லக்னோவிலும் அது போதவில்லை. பள்ளிவாசலில் படித்த கணக்கைக் கடைத்தெருவில் நிறுக்க வேண்டுமானால் வாற்கோதுமையைக் குன்றிமணியாக மாற்றியாக வேண்டும். இந்த மாற்றம் அரசவைக்குரிய வேலையாக இல்லாமல் ஆசிரியர்களின் வேலையாக ஆனதற்கு ஒரு காரணம் உண்டு. இந்திய அரசுகளின் நிர்வாக மொழியில் ஜகாத் என்ற சொல் வேறு பாதையில் போய்விட்டது. 14-ஆம் நூற்றாண்டில் ஃபிரோஸ் ஷா துக்ளக் தாம் வசூலிக்கும் வரிகளை நான்காகச் சுருக்கியபோது கராஜ், ஜிஸ்யா, கும்ஸ் ஆகியவற்றோடு ஜகாத்தும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. முகலாயர் காலத்தில் அச்சொல் பெரும்பாலும் வணிகச் சரக்கின் மீதான சுங்கத்தையே குறித்தது. 1665-இல் ஔரங்கசீப் அச்சுங்கத்தை முஸ்லிம் வணிகர்களுக்கு 2.5 விழுக்காடு, இந்து வணிகர்களுக்கு 5 விழுக்காடு என நிர்ணயித்தார். இரண்டாண்டுகளில் முஸ்லிம்களுக்கு அதை அடியோடு நீக்கினார். நாற்பதில் ஒன்று என்ற அந்த விகிதத்தில் மட்டுமே பழைய பொருளின் நிழல் தெரிகிறது.

மராத்தியில் இன்றும் 'ஜகாத்' என்றால் நகர நுழைவுவரி. மும்பையின் எல்லைகளில் லாரிகளை நிறுத்தி வரி பிரித்த சாவடிகளுக்கு 'ஜகாத் நாகா' என்றே பெயர். 2017-இல் சரக்கு சேவை வரி வந்தபோது நுழைவுவரி ஒழிந்தது. நிறுத்தங்களின் பெயரிலும் வழி சொல்பவர்களின் வாயிலும் நாகா மட்டும் நிற்கிறது. ஏழைக்குரிய பங்கைக் குறித்த சொல் லாரி ஓட்டுநருக்கு எரிச்சலூட்டும் சொல்லாக முடிந்த இந்தப் பொருள்மாற்றத்தைத் தனியே எழுத வேண்டும். இங்கே வேண்டுவது இவ்வளவே: அரசின் ஜகாத் சுங்கமாகிவிட்ட நாட்டில், மார்க்கக் கடமையான ஜகாத் வீட்டுக்குள் கணக்கிடப்பட்டது. வீட்டுக்குக் கையேடு தேவைப்பட்டது.

அத்தகைய கையேடுகளுள் புகழ்பெற்றது, 1810-இல் மறைந்த காஜி ஸனாவுல்லாஹ் பானிபத்தி பாரசீகத்தில் எழுதிய 'மா லா புத்த மின்ஹு'. 'தவிர்க்கவியலாதது' என்று தலைப்பைப் பெயர்க்கலாம். மதரஸாக்களின் தொடக்க வகுப்புகளில் தலைமுறைகளாக ஓதப்பட்ட நூல் அது. அதில் தங்க நிஸாப் ஏழரைத் தோலா. வெள்ளி நிஸாப் தில்லி நாணயத்தில் 56 ரூபாயின் எடை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 மிஸ்கால் ஏழரைத் தோலா என்றால் ஒரு மிஸ்கால் நாலரை மாஷா. அதில் பத்தில் ஏழு பங்கான திர்ஹம் 3.15 மாஷா. 200 திர்ஹம் 630 மாஷா, அதாவது 52.5 தோலா. 630 மாஷாவை 56 ரூபாயால் வகுத்தால் ரூபாய்க்கு பதினொன்றே கால் மாஷா. அக்பரின் ரூபாய் பதினொன்றரை மாஷா என்கிறது ஆயினி அக்பரி. ஆக, பானிபத்தியின் காலத்தில் ரூபாய் வேறு, தோலா வேறு. ரூபாய் சற்று இளைத்தது.

இந்த இடைவெளியை மூடியது கிழக்கிந்தியக் கம்பெனி. 1833-இல் வங்காளத்தில் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குமுறை தோலாவை 180 டிராய் கிரெயின் என நிலைநிறுத்தியது; 1835-இன் நாணயச் சட்டம் கம்பெனி ரூபாய்க்கும் அதே 180 கிரெயினை விதித்தது. சீர்மையான நாணயத்துக்கும் எடைக்கும் வாதாடியவர்களுள் ஒருவர், கம்பெனி நாணயச்சாலையில் உலோகத்தின் மாற்றுப் பார்க்கும் அதிகாரியாக இருந்த ஜேம்ஸ் பிரின்செப். அசோகரின் பிராமி எழுத்தைப் படித்தறிந்த அதே பிரின்செப்தான். கல்வெட்டு மாணவர்கள் அவரை ஒரு முகமாகவே அறிவார்கள். தராசோடு நிற்கும் இந்த முகத்தையும் பார்த்துவைப்பது நல்லது.

அதன் விளைவு விந்தையானது. ரூபாய் நாணயமே ஒரு தோலாக் கல்லாயிற்று. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. வெள்ளி மிகுந்த நாணயத்துக்கு வெள்ளியின் சட்டமே பொருந்தும் என்பது ஹனஃபி விதி. எனவே ஐம்பத்திரண்டரைத் தோலா என்பதை ஒரு குடும்பத்தலைவர் ஐம்பத்திரண்டரை ரூபாய் என்று விரல் மடக்கி எண்ணிவிடலாம். எடைக்கும் எண்ணிக்கைக்கும் இடையே இருந்த பொற்கொல்லர் தேவையற்றுப் போனார்.

ஆனால் கணக்கு எளிதான அதே நூற்றாண்டில் அதன் அடிப்படை கேள்விக்குள்ளானது. லக்னோவின் ஃபரங்கி மஹல் அறிஞர் மரபில் வந்த அப்துல் ஹை லக்னவி (1848-1886) தங்க நிஸாபை 5 தோலா இரண்டரை மாஷா என்றும், வெள்ளியை 36 தோலா ஐந்தரை மாஷா என்றும் கணித்தார். இந்த எண்களைப் பின்னோக்கிப் பிரித்தால் வழி தெரிகிறது. 5 தோலா இரண்டரை மாஷா என்பது 62.5 மாஷா, இருபதால் வகுத்தால் மிஸ்கால் 25 ரத்தி. நூறு வாற்கோதுமைக்கு 25 ரத்தி, அதாவது ஒரு குன்றிமணிக்கு நான்கு வாற்கோதுமை. பழைய கணக்கிலோ மிஸ்கால் 36 ரத்தி; ஒரு குன்றிமணிக்கு மூன்று மணிகள்கூட இல்லை. இரு தரப்பும் ஒரே ஹனஃபி நூல்களைப் படித்தவை, ஒரே நூறு மணியை ஏற்றவை. வேறுபாடு முழுவதும் ஒரு விதைக்கு எதிரே எத்தனை விதை என்பதில் அடங்கியிருந்தது.

இது அறிஞர்களின் பொழுதுபோக்குச் சர்ச்சை அன்று. அன்று கையில் 40 ரூபாய் சேர்த்துவைத்திருந்த ஒரு தையற்காரரை எண்ணிப் பாருங்கள். லக்னவியின் கணக்கில் அவர் செல்வர். ஆண்டு நிறைந்ததும் ஒரு ரூபாயை ஏழைக்குக் கொடுக்க வேண்டும். தாம் எவரிடமிருந்தும் ஜகாத் பெறக்கூடாது. மற்றக் கணக்கில் அவரே ஏழை. அவருக்குக் கொடுத்தால் கொடுத்தவரின் கடமை நிறைவேறும். ஒரே மனிதர், ஒரே பெட்டி. ஹனஃபி சட்டத்தில் நிஸாப் என்பது கொடுப்பதன் தொடக்கம் மட்டுமன்று, பெறுவதன் முடிவும் அதுவே. ஆகையால்தான் வரம்பு ஒரு ரத்தி அசைந்தாலும் அதன் இருபுறமும் மனிதர்கள் இடம் மாறுகிறார்கள்.

நிலைத்தது 52.5 தோலாவே. அஷ்ரஃப் அலி தானவி பெண்களுக்காக எழுதிய 'பிஹிஷ்தி ஜேவர்' அவ்வெண்ணை உருது படிக்கும் வீடுதோறும் கொண்டுசேர்த்தது. திருமணத்தில் மணப்பெண்ணுக்குப் பரிசாக அளிக்கப்பட்ட நூல் அது என்பதால், நகைக்குரியவரிடமே நகையின் கணக்கும் சென்றது. தேவ்பந்தில் முஃப்தியாகப் பணியாற்றிப் பின்னர் பாகிஸ்தானில் குடியேறிய முஹம்மது ஷஃபி இப்பொருளுக்கென்றே 'அவ்ஸானே ஷரய்யா' என்ற சிறுநூலை எழுதிப் பழைய கணக்கை நிறுவினார். நாணயவியல் தரும் சான்றும் அந்தப் பக்கமே சாய்கிறது என்பது என் மதிப்பீடு. உமையா கலீஃபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் வெளியிட்ட சீர்திருத்தத் தீனார்கள் ஏறத்தாழ 4.25 கிராம் எடையுள்ளவை. யூசுஃப் அல்-கர்ளாவி உள்ளிட்ட அரபு அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டில் சொன்ன 85 கிராம் தங்கம், 595 கிராம் வெள்ளி என்னும் அளவுகள் அந்த நாணயத்திலிருந்தே வந்தவை. நாலரை மாஷாவைக் கம்பெனித் தோலாவால் கிராமாக்கினால் 4.374 வருகிறது; லக்னவியின் மிஸ்கால் மூன்று கிராமைச் சற்றே தாண்டுகிறது. குன்றிமணியும் வாற்கோதுமையும் வைத்து அருங்காட்சியக நாணயத்துக்கு இவ்வளவு அருகில் வந்தவர்களின் தராசை நான் மதிக்கிறேன்.

கிராமுக்கு வந்த கதை சுருக்கமானது. 1956-இன் எடையளவுச் சட்டத்துக்குப் பின் தோலா அலுவல் வழக்கிலிருந்து நீங்கியது. 180 கிரெயின் 11.6638 கிராம். அதை 11.664 என்று முழுமையாக்கி 52.5-ஆல் பெருக்கினால் 612.36, முழுமையாக்காமல் பெருக்கினால் 612.35. சுவரொட்டிகளில் காணும் அந்தக் கடைசி இலக்கம் நபிகளின் காலத்தையும் தொடவில்லை, பானிபத்தியையும் தொடவில்லை. அது 1833-இன் ஒரு தோலாவை யாரோ முழுமையாக்கியதன் எச்சம்.

நோன்பு மாதத்துக்கே உரிய மற்றொரு கடமையான ஃபித்ராவிலும் இதே தோலா நுழைந்திருக்கிறது. பெருநாள் தொழுகைக்கு முன் தமக்காகவும் தம் சிறு பிள்ளைகளுக்காகவும் கொடுக்க வேண்டிய தானியம் ஹனஃபி வழியில் அரை ஸாஉ கோதுமை. ஸாஉ முகத்தலளவை, அதை எடையாக்கும்போது திர்ஹத்தின் வழியே போனால் அரை ஸாஉ 136.5 தோலா, மிஸ்காலின் வழியே போனால் 135, முத்து என்னும் கொள்கலத்தின் வழியே போனால் 140. பேணுதல் கருதி 140-ஐக் கொண்டார்கள். 80 தோலாச் சேர் கணக்கில் அது சரியாக ஒன்றே முக்கால் சேர். இன்றைய அறிவிப்புகளில் வரும் 1.633 கிலோ அதுவே. சில ஊர்களில் 1.592 என்றும் 1.575 என்றும் அச்சாவதற்குக் காரணமும் இம்மூன்று வழிகளே. எவரும் தவறாக அச்சிடவில்லை. ஷாஃபி வழியினர் மிகுந்த தமிழகக் கடற்கரை ஊர்களில் இந்தச் சேர்க்கணக்கே எழாது. அங்கே ஒரு முழு ஸாஉ, ஊரின் முதன்மை உணவு, ஆகவே அரிசி.

இனி நாணயம் வெள்ளியாக இருப்பதை நிறுத்திய கதை. 1861-இல் அரசு நோட்டுகளை வெளியிடும் உரிமையைத் தனதாக்கிக்கொண்டது. காகிதம் வெள்ளியா? தேவ்பந்தைச் சார்ந்த ரஷீத் அஹ்மத் கங்கோஹி நோட்டை ஒரு பற்றுச்சீட்டாகக் கண்டார்: அரசு தர வேண்டிய கடனுக்கான சான்று. இப்பார்வையின்படி ஏழையின் கையில் நோட்டைக் கொடுத்த கணத்தில் ஜகாத் நிறைவேறாது. அவர் அதை நாணயமாகவோ பொருளாகவோ மாற்றும்போதே நிறைவேறும். வழியில் அது தொலைந்தால் கொடுத்தவரின் கடமை அப்படியே நிற்கும். பரேலியின் அஹ்மத் ரஜா கான் 1906-இல் மக்காவில் தங்கியிருந்தபோது எழுதிய அரபு நூல் இதை மறுத்தது: நோட்டு தானே விலைமதிப்புள்ள பொருள். ஒரே மாநிலத்தில், ஒரு நாள் பயணத் தொலைவில் இருந்த இரு ஊர்களின் இந்தக் கருத்து மோதலைப் பணத்தின் தன்மை பற்றிய விவாதமாகப் படிக்கப் பொருளியல் வரலாற்று மாணவர்கள் முன்வர வேண்டும். உட்பிரிவுச் சண்டையாக மட்டும் படிப்பது அதற்கு நியாயம் செய்வதாகாது. 1917-இல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1940-இல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது. ஐம்பத்திரண்டரைத் தோலா ஐம்பத்திரண்டரை ரூபாயாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. அதன்பின் ஒவ்வொரு ரமலானிலும் வெள்ளியின் கடைவிலையைக் கேட்டு நிஸாபை ரூபாயில் அறிவிக்க வேண்டியதாயிற்று.

இங்கேதான் அந்த ஏழு திரும்பி வருகிறது. தொடக்கத்தில் ஒரு தீனாருக்குப் பத்துத் திர்ஹம் என்ற மாற்று நிலவியதால் இருபது தீனாரும் இருநூறு திர்ஹமும் ஒரே மதிப்பின் இரு முகங்கள். எடையில் ஏழு மடங்கு வெள்ளி, மதிப்பில் சமம். அதாவது பொன்னுக்கும் வெள்ளிக்கும் 1:7 விலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகச் சந்தையில் அது 1:15.5-ஐ ஒட்டி நின்றது. தங்க நிஸாப் வெள்ளி நிஸாபைப் போல் இரு மடங்குக்குச் சற்று மேல். 1870-களில் ஐரோப்பா தங்கத்துக்கு மாற, வெள்ளி வீழ்ந்தது. 1893-இல் இந்திய நாணயச்சாலைகள் தனியாரின் வெள்ளியை ரூபாயாக அடித்துத் தருவதை நிறுத்தின. 1900-களின் தொடக்கத்தில் விகிதம் 1:30-ஐத் தாண்டியிருந்தது. அண்மைப் பத்தாண்டில் பெரும்பாலும் 1:70-க்கும் மேல். ஏழால் வகுத்தால், ஒரே வரம்பின் இரு முகங்களுக்கிடையே பத்து மடங்கு பிளவு.

இந்திய ஹனஃபி மரபில் பணத்துக்கு வெள்ளி நிஸாபே அளவு. ஏழைகளுக்கு அதிகம் பயன்படுவது அது என்பது காரணம்: வரம்பு தாழ்ந்தால் கொடுப்போர் பெருகுவர். காரணம் பிழையன்று. ஆனால் 1:80 விகிதத்தில் 612.36 கிராம் வெள்ளி என்பது 7.65 கிராம் தங்கம். ஒரு சவரன் 8 கிராம். பிறர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண்ணிடம் கம்மலும் மோதிரமுமாக ஒரு சவரன் மட்டும் இருந்தால், 87.48 கிராமை எட்டாததால் அவர்மேல் ஜகாத் இல்லை. அந்த நகையோடு, தேவைபோக எஞ்சிய ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றும் ஆண்டு முழுதும் சேர்ந்திருந்தால், இரு பொருள்களையும் மதிப்பால் கூட்ட வேண்டும் என்ற இமாம் அபூ ஹனீஃபாவின் விதி இயங்குகிறது. வெள்ளி நிஸாபைத் தாண்டிவிடுகிறார். அவர் கொடுக்க வேண்டும், அவர் பெறக்கூடாது. அறுபது கிராம் தங்கம் வைத்து, சேமித்த பணமோ வெள்ளியோ இல்லாத இன்னொருவர் வரம்புக்குக் கீழேயே நிற்கிறார்.

அபூ ஹனீஃபாவின் இரு மாணவர்களான அபூ யூசுஃபும் முஹம்மதும் கூட்டலை வேறு விதமாகச் செய்தனர். மதிப்பால் அன்று, பங்கால். தங்க நிஸாபில் எவ்வளவு பங்கு இருக்கிறது, வெள்ளி நிஸாபில் எவ்வளவு பங்கு இருக்கிறது என்று தனித்தனியே பார்த்து, இரண்டும் சேர்ந்து ஒன்று நிறைந்தால் மட்டுமே கடமை. இவ்வழியில் ஒரு சவரன் என்பது தங்க நிஸாபில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பெண்ணிடம் வெள்ளி நிஸாபில் பாதியளவு ரொக்கம் இருந்தாலும் கூட்டுத்தொகை ஒன்றைத் தொடாது. அவர் அந்த ஆண்டு கொடுக்க வேண்டியதில்லை. இரு விதிகளும் ஒரே பாடநூலின் ஒரே பக்கத்தில் அருகருகே கற்பிக்கப்படுகின்றன. விகிதம் ஏழாக இருந்தபோது எதைத் தேர்ந்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றே. இன்று ரமலான் அறிவிப்புகளில் பெரும்பாலும் முதல் விதியே அச்சாகிறது. இரண்டாவது வகுப்பறையில் இருக்கிறது.